ஆறுகளும் மாவு மூட்டைகளும் முடித்த போர்: சார்ல்ஸ்டன் முதல் யார்க்டவுன் வரை

நாள் 1: சார்ல்ஸ்டன்

அமெரிக்க விடுதலைப் போர் என்றால் பாஸ்டன், பிலடெல்பியா, பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆறு என்று பலரும் வடக்கையே சுற்றிவிட்டு வருவார்கள். போரின் முடிவு உருவானது தெற்கில். 1780 மே மாதம் சார்ல்ஸ்டனில் அமெரிக்கப் படை சரணடைந்ததில் தொடங்கி, 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததுவரை உள்ள பாதைதான் இந்தப் பயணம். கார் இல்லாமல் சரிப்படாது. பாதி இடங்களுக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை.

முதலில் சல்லிவன் தீவிலுள்ள மோல்ட்ரி கோட்டை. இப்போது நிற்கும் செங்கல் கோட்டை பிற்காலத்தது. 1776 ஜூன் 28 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் தாக்கியபோது இங்கே இருந்தது பால்மெட்டோ பனைமரத் தடிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் 16 அடி அகலத்துக்கு மணல் கொட்டிய அரைகுறை அரண். பால்மெட்டோ தடி பஞ்சுபோன்ற நாரால் ஆனது. இரும்புக் குண்டு பட்டால் பிளந்து சிலாம்பாகத் தெறிக்காமல் உள்ளே புதைந்துவிடும். தென் கரோலினா கொடியில் அந்த மரம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்த பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டன், கடல் பக்கமாக மோதும் அதே தவறைச் செய்யவில்லை. தெற்கே தள்ளித் தரையிறங்கி, மார்ச் 29இல் ஆஷ்லி ஆற்றைக் கடந்து, நகரத்தின் கழுத்தைப் பிடித்தார். வரைபடத்தைப் பார்த்தால் உடனே புரியும்: சார்ல்ஸ்டன் ஆஷ்லி, கூப்பர் ஆறுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. கழுத்தை அடைத்தால் மிச்சம் கூப்பர் ஆற்றுப் பக்கம் மட்டுமே. ஏப்ரல் 14இல் மங்க்ஸ் கார்னரில் பனாஸ்டர் டார்ல்டனின் குதிரைப்படை அந்த வழியையும் அறுத்தது. நகரத் தலைவர்கள் விடாததால் உள்ளேயே தங்கிய அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கன் மே 12இல் 5,000க்கும் மேற்பட்டவர்களோடு சரணடைந்தார். கொடியை விரித்துப் பிடித்து வெளியேறும் மரியாதையைக்கூட கிளின்டன் கொடுக்கவில்லை.

நகரத்தைப் பாதுகாத்த மதிலில் எஞ்சியது மேரியன் சதுக்கத்தில் இரும்பு வேலிக்குள் நிற்கும் ஒரே ஒரு துண்டு. சிப்பிச் சுண்ணாம்பு, மணல், உடைந்த சிப்பி ஓடு கலந்து இடித்த சுவர் அது. கிட்டப் போனால் ஓடுகள் பல்லிளித்துக்கொண்டு தெரியும். சனிக்கிழமைச் சந்தைக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நாள் 2: கேம்டன்

சார்ல்ஸ்டனிலிருந்து இரண்டேகால் மணி நேரம். போர்க்களம் ஊருக்குள் இல்லை, வடக்கே சுமார் 8 மைலில். நெட்டிலைப் பைன் காடு, இரண்டு பக்கமும் சதுப்பு. 2022இல் இங்கே 14 வீரர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, அடுத்த ஆண்டு முறைப்படி மறு அடக்கம் செய்தார்கள்.

சரடோகாவில் வென்ற பெயரோடு தெற்கே வந்த அமெரிக்கத் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் இங்கே தோற்றதற்குக் காரணம் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வரிசையாகப் பார்த்தால் இது முழுக்க நிர்வாகத் தோல்வி.

வழியிலிருந்தே தொடங்குகிறது. சாலிஸ்பரி பக்கமாகச் சுற்றிப் போனால் சோளமும் மாடும் கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கேட்ஸ் நேர்வழியைப் பிடித்தார். நேர்வழி வெறும் பைன் காடு. பச்சைச் சோளமும் காய்ப் பீச்சும் தின்று படை வயிற்றைக் கெடுத்துக்கொண்டது. அடுத்தது கணக்கு. தன்னிடம் 7,000 பேர் என்று நினைத்திருந்தார். அவருடைய அதிகாரி ஓதோ வில்லியம்ஸ் எண்ணிக் கொடுத்தது 3,052. அதற்கும் திட்டம் மாறவில்லை. ஆகஸ்ட் 15 இரவு நடைக்கு முன் வழக்கமான ரம் இல்லாததால் வெல்லப்பாகு ஊற்றினார்கள். வேகாத இறைச்சி, சோளமாவுக் கூழ், மேலே வெல்லப்பாகு. இரவு முழுக்க ஆட்கள் வரிசையைவிட்டுப் புதருக்குள் ஓடினார்கள்.

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸும் அதே இரவு அதே சாலையில் எதிரே கிளம்பியிருந்தார். 16ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி வாக்கில் இரு படைகளும் இருட்டில் முட்டிக்கொண்டன. விடிந்ததும் வரிசை கட்டியதில்தான் கடைசிப் பிழை. சிறந்த அணி வலப்பக்கம் நிற்பது அந்தக் காலச் சம்பிரதாயம். இரண்டு பக்கமும் அதையே செய்தால் ஒவ்வொருவரின் வலதும் எதிராளியின் இடதைச் சந்திக்கும். கேட்ஸின் இடப்பக்கம் நின்றது மிலிஷியா எனப்படும் ஊர்ப்படை. எதிரே பிரிட்டிஷாரின் தேர்ந்த 23ஆம், 33ஆம் ரெஜிமென்ட்கள். வர்ஜீனியா ஊர்ப்படைக்குப் பயனெட் எனப்படும் துப்பாக்கிக் கத்தி கொடுத்ததே முந்தின நாள்தான். அதைத் துப்பாக்கி முனையில் செருகத் தெரியும், குத்தத் தெரியாது. பெரும்பாலோர் ஒரு குண்டும் சுடாமல் ஓடினார்கள். வலப்பக்கம் மேரிலாந்து, டெலவேர் படையோடு நின்ற ஜெனரல் டி கால்ப் பல காயங்கள் பட்டு மூன்று நாளில் இறந்தார். கேட்ஸ் அன்றே 60 மைல் தள்ளி சார்லட் போய்ச் சேர்ந்தார். குதிரை நல்ல குதிரை.

நாளைக்கு மலைப்பக்கம்.

நாள் 3: கிங்ஸ் மவுண்டன், கௌபென்ஸ்

இரண்டு களமும் ஒரு மணி நேர இடைவெளிக்குள். இரண்டுக்கும் அனுமதி இலவசம். கிங்ஸ் மவுண்டனைக் காலையில் முடித்துவிடுங்கள், ஒன்றரை மைல் நடைதான். 1780 அக்டோபர் 7இல் பாட்ரிக் ஃபெர்குசன் சுமார் 1,100 பேரோடு மேட்டின்மேல் நின்றார். அத்தனை பேரும் அரசர் பக்கம் நின்ற அமெரிக்கர்கள், அவர் ஒருவர்தான் பிரிட்டிஷ்காரர். விடுதலைப் பக்கம் நின்ற சுமார் 900 மலைக்காரர்கள் சுற்றிவளைத்து மரத்துக்கு மரம் மறைந்து ஏறினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மேலிருந்து கீழே சுடுகிறவன் குறியைத் தாழ்த்தப் பழகியிருக்க வேண்டும், இல்லையென்றால் குண்டு தலைக்கு மேலே போகும். ஃபெர்குசன் பயனெட்டோடு துரத்தினால் மலைக்காரர்கள் இறங்கி ஓடுவார்கள், இவர்கள் திரும்பினால் அவர்களும் திரும்பி ஏறுவார்கள். ஃபெர்குசனின் சமாதிமேல் கற்குவியல் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் முழுவதும் கௌபென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர் முழுவதிலும் இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிட்ட களம் வேறில்லை என்பது என் கணிப்பு.

கேட்ஸின் இடத்துக்கு 1780 டிசம்பர் தொடக்கத்தில் நதானியல் கிரீன் வந்தார். அதற்கு முன் வாஷிங்டனின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல், அதாவது வண்டி, தீவனம், கூடாரம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. சார்லட் சுற்றுவட்டாரத்தில் தானியம் தீர்ந்திருந்தது. சிறிய படையை இரண்டாகப் பிரிக்காதே என்பது பாடம். கிரீன் பிரித்தார். ஒரே இடத்தில் இரண்டு பாதியையும் ஊட்ட முடியாது, தனித்தனியாக ஊட்ட முடியும் என்பது அவர் கணக்கு. தான் கிழக்கே சேரா பக்கம் போய், டேனியல் மார்கனிடம் சுமார் 600 பேரைக் கொடுத்து மேற்கே அனுப்பினார். கார்ன்வாலிஸும் தன் படையைப் பிரிக்கவேண்டியதாயிற்று. மார்கனைப் பிடிக்க வந்தவர் டார்ல்டன்.

1781 ஜனவரி 17. மாடு மேயும் திறந்தவெளி, மெல்லிய ஏற்ற இறக்கம். வழியில் சேர்ந்த ஊர்ப்படையோடு மார்கனிடம் ஏறத்தாழ ஆயிரம் பேர், டார்ல்டனிடம் சுமார் 1,100. நடைபாதை அன்றைய கிரீன் ரிவர் சாலையை ஒட்டியே போகிறது. பிரிட்டிஷார் வந்த திசையிலிருந்து நடந்தால் மூன்று வரிசைகளையும் அவர்கள் சந்தித்த முறையிலேயே சந்திக்கலாம். எதிர்த்திசையில் நடந்தால் பாதி புரியாது.

வரிசையைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கியின் கணக்கு வேண்டும். மஸ்கட் எனப்படும் சாதாரணப் போர்த் துப்பாக்கிக்கு மருந்துப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கிண்ணியில் கொஞ்சம் போட்டு மூடி, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, குறிபார்த்துச் சுட வேண்டும். பழகியவனுக்கு நிமிடத்துக்கு மூன்று. ரைஃபிளில் குண்டு இறுக்கமாக உட்கார வேண்டும், ஆகவே நிமிடத்துக்கு ஒன்றுதான். ஆனால் மஸ்கட் நூறு கஜத்துக்கு மேல் பயனில்லை, ரைஃபிள் இருநூறிலும் குறி தப்பாது. ரைஃபிளில் பயனெட் மாட்ட முடியாது. எதிரி ஐம்பது கஜத்திலிருந்து பயனெட்டோடு ஓடிவர அரை நிமிடம் போதும். பயனெட் இல்லாதவன் அந்த நேரத்தில் கிளம்பியே ஆக வேண்டும். ஊர்ப்படை ஓடுவது பயத்தால் மட்டுமல்ல, இந்தக் கணக்காலும்தான்.

மார்கன் ஓட்டத்தையே திட்டத்தில் சேர்த்துவிட்டார். முன்னால் சுமார் 150 ரைஃபிள்காரர்கள். தோளில் பட்டை வைத்த அதிகாரிகளைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். அதற்கு 150 கஜம் பின்னால் ஆண்ட்ரூ பிக்கன்ஸின் ஊர்ப்படை, சுமார் 300 பேர். எதிரி நெருங்கும்வரை காத்து இரண்டு மூன்று முறை ஒருசேரச் சுட்டால் போதும், பிறகு இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போகலாம். இன்னொரு 150 கஜம் பின்னால் ஜான் ஈகர் ஹாவர்டின் கான்டினென்டல் நிரந்தரப் படை. அதற்கும் பின்னே, மேட்டின் மறைவில் வில்லியம் வாஷிங்டனின் குதிரைப்படை. முதல் நாள் இரவே நெருப்புக்கு நெருப்பு நடந்து மார்கன் இதை ஒவ்வொருவருக்கும் சொல்லிவைத்தார். ஊர்ப்படை விலகுவதைப் பார்த்துப் பின்வரிசை பதறக்கூடாது என்பது ஹாவர்டின் ஆட்களுக்குச் சொன்னது. காலையில் சாப்பாடும் போட்டார். டார்ல்டனின் ஆட்கள் அதிகாலை மூன்று மணியிலிருந்து நடந்து வந்திருந்தார்கள்.

பிராட் ஆறு பின்னால் ஐந்தாறு மைலில். பின்வாங்க வழியில்லாத இடம் என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. சதுப்பு பக்கத்தில் இருந்தால் ஊர்ப்படை அதற்குள் ஓடியிருக்கும், அதனால்தான் இந்த இடம் என்று மார்கன் பின்னால் சொன்னார்.

திட்டத்தில் இல்லாதது ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் படையின் 71ஆம் ஹைலாண்டர்கள் பக்கவாட்டில் வந்தபோது, ஹாவர்ட் தன் வலக்கோடிக் கம்பெனியை மட்டும் அவர்களை நோக்கித் திரும்பச் சொன்னார். கட்டளை தப்பாகக் காதில் விழுந்து அந்தக் கம்பெனி பின்னால் நடக்க, பக்கத்துக் கம்பெனிகளும் அதைப் பார்த்து நடந்தன. ஆனால் ஓடவில்லை, வரிசை கலையாமல் துப்பாக்கியில் மருந்து போட்டுக்கொண்டே நடந்தார்கள். தோற்றுவிட்டார்கள் என்று நினைத்த பிரிட்டிஷார் வரிசை குலைந்து ஓடிவந்தார்கள். மார்கன் முன்னே போய் ஓர் இடத்தைக் காட்ட, அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி, முப்பது கஜத்துக்கும் குறைவான தூரத்தில் சுட்டு, பயனெட்டோடு பாய்ந்தார்கள். ஒரு பக்கம் வில்லியம் வாஷிங்டனின் குதிரைகள், மறுபக்கம் சுற்றிவந்த பிக்கன்ஸின் ஊர்ப்படை. ஒரு மணி நேரத்துக்குள் டார்ல்டன் இழந்தது 800 பேருக்கு மேல், கூடவே மூன்று பவுண்டு குண்டு சுடும் பீரங்கிகள் இரண்டு.

மார்கன் அன்று மத்தியானமே கைதிகளோடு கிளம்பிவிட்டார். வெற்றியைக் கொண்டாடித் தங்கியிருந்தால் கார்ன்வாலிஸ் வந்து பிடித்திருப்பார்.

நாள் 4: லிங்கன்டன் முதல் டான் ஆறுவரை

இன்று பார்ப்பதற்கு அதிகம் இல்லை, ஓட்டுவதற்குத்தான் அதிகம். ஆனாலும் தெற்குப் போரின் மையம் இந்த நாள்தான்.

லிங்கன்டனில் இருந்த ராம்சர் மாவு ஆலை அருகே, ஜனவரி 25இல் கார்ன்வாலிஸ் தன் வண்டிகளைக் கொளுத்தினார். வெடிமருந்து, உப்பு, காயம்பட்டோர் வண்டிகள் தவிர மற்றதெல்லாம் போயிற்று: கூடாரம், மாற்று உடை, ரம் பீப்பாய். தன் சாமானையே முதலில் போட்டார். வேகம் கிடைத்தது. ஆனால் வயிறும் உடம்பும் தாங்கக்கூடிய நாட்களுக்கு மட்டும். செய்தி கேட்ட கிரீன், சேராவிலிருந்து சில காவலர்களோடு குதிரையில் வந்து மார்கனோடு சேர்ந்துகொண்டார்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு பக்கக்குறிப்பு. பத்து வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக, திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன இதே கார்ன்வாலிஸ், 1791 மே மாதம் இழுவை மாடுகள் செத்து, தானியம் தீர்ந்து, கனரக பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை அவசரப்படவில்லை. ராயக்கோட்டை முதலான பாரமகால் கோட்டைகளைப் பிடித்துக் அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழ்ச் சமவெளியிலிருந்து வரும் வழியைத் திறந்து, தானியம் சுமந்து விற்கும் பிரிஞ்சாரிகளின் பொதிமாட்டுக் கூட்டங்களைச் சேர்த்துக்கொண்டு 1792இல் போய் முடித்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் அவர் சிலையின் பீடத்தில் திப்புவின் மகன்களை ஒப்படைக்கும் காட்சி இருக்கிறது. ராம்சர் ஆலையில் எரிந்த வண்டிகளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கிரீன் பொறுப்பேற்ற உடனே செய்த வேலை, ஆறுகளை அளக்க ஆளனுப்பியது. கட்டாபாவுக்கு போலந்துப் பொறியாளர் கோஸ்சியுஷ்கோ, யாட்கினுக்கு ஸ்டீவன்ஸ், டானுக்கு எட்வர்ட் கேரிங்டன். எங்கே இறங்கிக் கடக்கலாம், எங்கே படகு வேண்டும், படகு எத்தனை, எந்தப் பாதையில் வண்டி போகும் என்று எழுதி வாங்கினார். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் படகுகளுக்கும் சொல்லி வைத்தார். தோற்றால் எப்படிப் போவது என்பதை முதல் மாதமே தீர்த்துவிட்டார்.

இந்த மூன்று ஆறுகளும் குளிர்கால மழையில் இரண்டு நாளில் ஏறும், மழை விட்டால் அதே வேகத்தில் இறங்கும். பிப்ரவரி 1இல் கோவன்ஸ் ஃபோர்டில் கார்ன்வாலிஸ் ஆழமும் இழுப்புமான கட்டாபாவில் இறங்கிக் கடந்தார். இப்போது அங்கே அணை, நார்மன் ஏரி. பிப்ரவரி 3இல் யாட்கின் ஆற்றின் டிரேடிங் ஃபோர்டுக்கு அவர் படை வந்தபோது கிரீன் அக்கரையில், எல்லாப் படகுகளும் அக்கரையில், நடுவில் வெள்ளம். அந்தத் துறையும் இப்போது ஹை ராக் ஏரிக்குள். கார்ன்வாலிஸ் மேலே ஷாலோ ஃபோர்டுவரை சுற்றவேண்டியிருந்தது.

டானில் செய்ததுதான் நுட்பம். மேல் பகுதியில் ஆழம் குறைவு, படகு தேவையில்லை. கீழ்ப்பகுதியில் படகில்லாமல் முடியாது. படகு இல்லாதவன் மேல் துறைக்குத்தான் போவான் என்று கார்ன்வாலிஸ் நினைப்பார் என்பது கிரீனுக்குத் தெரியும். 700 பேர் கொண்ட தனிப்படையை ஓதோ வில்லியம்ஸிடம் கொடுத்து மேல் துறையை நோக்கி இழுத்துப் போகச் சொன்னார். பெரும்படை கீழே கேரிங்டன் படகுகளைச் சேர்த்து வைத்திருந்த இர்வின், பாய்ட் ஓடத்துறைகளுக்குப் போயிற்று. சிவப்பு மண் சாலை. இரவில் உறைந்து கத்திபோல நிற்கும், பகலில் உருகிக் கணுக்கால்வரை சேறு. பாதிப்பேருக்குச் செருப்பில்லை. கடைசியில் வில்லியம்ஸ் வழி மாறிக் கீழ்த்துறைக்கு 16 மணி நேரத்தில் 40 மைல் ஓடினார். பிப்ரவரி 14 இரவு கடைசி ஆளும் கடந்தபின் பிரிட்டிஷ் முன்னணி கரைக்கு வந்தது. படகு ஒன்றும் இல்லை.

கடந்த இடம் இன்றைய வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன் பக்கம். ஊரில் பழைய புகையிலைக் கிடங்கான பிரைசரி கட்டடத்தில் இதற்கென்று ஒரு கண்காட்சி உண்டு.

நாள் 5: கில்ஃபோர்ட்

தெற்கே திரும்பி கிரீன்ஸ்பரோ. ஊரின் பெயரே கிரீனுடையது. பூங்கா நகரத்துக்குள்ளேயே இருப்பதால் காலையில் ஓடுகிறவர்கள் கூட்டம் அதிகம்.

வர்ஜீனியாவில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்த கிரீன், 1781 மார்ச் 15இல் இங்கே நின்றார். அவரிடம் சுமார் 4,400, கார்ன்வாலிஸிடம் சுமார் 1,900. இடுப்பு நரம்பு வலியால் மார்கன் ஊருக்குப் போய்விட்டார், கடிதத்தில் ஆலோசனை மட்டும் வந்தது. கிரீன் கௌபென்ஸ் திட்டத்தையே பெரிதாக்கினார்: வேலிக்குப் பின்னால் வட கரோலினா ஊர்ப்படை, 300 கஜம் பின்னே காட்டுக்குள் வர்ஜீனியா ஊர்ப்படை, இன்னும் 500 கஜம் பின்னே நிரந்தரப் படை.

அங்கேதான் இடித்தது. கௌபென்ஸில் ஒரு வரிசைக்கு அடுத்தது கண்ணுக்குத் தெரியும். இங்கே காடு. முதல் வரிசையில் நின்றவனுக்கு மூன்றாம் வரிசை இருப்பதே தெரியாது. விலகியவர்கள் சுற்றிவந்து சேர்வதற்குப் பதிலாக வீட்டுக்கே போய்விட்டார்கள். தலைவன் குதிரையில் போய் ஒவ்வொரு வரிசையையும் பார்க்க முடியாத அளவுக்குக் களம் நீண்டிருந்தது. நடந்து பாருங்கள், முதல் வரிசையிலிருந்து மூன்றாவதுக்குப் போவதற்குள் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் கிரீன் கடைசிவரை அடித்து முடிக்கப் பார்க்கவில்லை. படை உடையும் முன்பே பின்வாங்க உத்தரவிட்டார். களம் கார்ன்வாலிஸுக்கு. விலை 93 பேர் சாவு, 413 பேர் காயம், 26 பேர் காணவில்லை, கால்வாசிக்கு மேல். அன்றிரவு கொட்டிய மழையில் கூடாரம் இல்லை, சாப்பாடு இல்லை. இன்னொரு வெற்றி இதுபோல் கிடைத்தால் பிரிட்டிஷ் படையே அழிந்துபோகும் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் சொன்னார்.

கடற்கரை வில்மிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கார்ன்வாலிஸிடம் தேறியது சுமார் 1,400 பேர். ஏப்ரல் 25இல் அவர் வடக்கே வர்ஜீனியாவுக்குக் கிளம்பினார்; கிரீன் அதற்கு முன்பே அவரைத் துரத்துவதை விட்டுத் தெற்கே திரும்பியிருந்தார். ஹாப்கர்க்ஸ் ஹில்லில் தோற்றார். நைன்டி சிக்ஸ் கோட்டையை 28 நாள் முற்றுகையிட்டும் விழவில்லை. யூட்டா ஸ்பிரிங்ஸிலும் களம் பிரிட்டிஷாருக்கே. ஆனால் சார்ல்ஸ்டனிலிருந்து உள்நாட்டுக்கு உணவும் மருந்தும் போகும் வழியில் இருந்த சிறு கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வாட்சன் கோட்டையை மேஹம் என்ற அதிகாரி யோசித்த மரத்தடிக் கோபுரத்திலிருந்து சுட்டு எடுத்தார்கள். மோட் கோட்டை என்பது ரெபெக்கா மோட்டின் வீடு, அதன் கூரைக்கு நெருப்பு அம்பு விட்டார்கள். வருட முடிவில் கரோலினாவில் பிரிட்டிஷாரிடம் மிஞ்சியது சார்ல்ஸ்டனும் அதன் சுற்றுப்புறமும்தான்.

நாள் 6: யார்க்டவுன்

கட்டணம் உண்டு, முழு நாள் வேண்டும்.

கப்பல் நிற்க ஆழமான துறைமுகம் வேண்டும் என்ற உத்தரவின்படி கார்ன்வாலிஸ் இங்கே வந்து அரண் கட்டினார். கடல் பிரிட்டிஷாருடையது என்பதுதான் அந்தத் திட்டத்தின் அஸ்திவாரம். 1781 செப்டம்பர் 5இல் செசபீக் விரிகுடா வாயிலில், அமெரிக்கர்களின் கூட்டாளியான பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸின் 24 போர்க்கப்பல்கள் பிரிட்டிஷாரின் 19ஐத் திருப்பி அனுப்பியதும் அந்த அஸ்திவாரம் போயிற்று. நியூயார்க்கைத் தாக்கவே வாஷிங்டனுக்கு ஆசை. பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷாம்போதான் தெற்கே திருப்பினார். நியூயார்க்கில் இருந்த கிளின்டனை ஏமாற்ற நியூ ஜெர்சியின் சாத்தமில் ரொட்டி அடுப்புகள் கட்டினார்கள். அடுப்பு கட்டினால் படை அங்கேயே தங்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

முற்றுகை வேலையை நடந்து பார்க்கலாம். அக்டோபர் 6 இரவு லேசான மழை. 1,500 பேர் தோண்ட, 2,800 பேர் காவல். மணல் கலந்த மண் என்பதால் சத்தம் அதிகம் இல்லை. கோட்டைக்கு இணையாக நீண்ட அகழி, அதன் மண் எதிரிப் பக்கம் மேடாக. கம்புகளால் பின்னிய அடியில்லாக் கூடைகளை வரிசையாக நிறுத்தி மண்ணை நிரப்பினால் விடியும்முன் மறைவு கிடைக்கும். 9ஆம் தேதி பீரங்கிகள் தொடங்கின. 11 இரவு பாதி தூரத்தில் இரண்டாம் அகழி. அது ஆற்றுவரை நீள 9, 10ஆம் காவலரண்கள் தடை. 14 இரவு பிரெஞ்சுக்காரர்கள் 400 பேர் ஒன்பதை, அலெக்சாண்டர் ஹாமில்டனின் 400 பேர் பத்தை எடுத்தார்கள். அமெரிக்கர்கள் துப்பாக்கியில் குண்டு போடாமலே போனார்கள். ஒருவன் தவறிச் சுட்டால் எல்லாம் கெட்டுவிடும். கூர்சீவிய மரக்கிளை வேலியை வெட்டக் காத்திருக்காமல் இடுக்கு வழியே நுழைந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது. முறைப்படி வெட்டிக்கொண்டு நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு நேரமும் அதிகம், சாவும் அதிகம்.

16 இரவு கார்ன்வாலிஸ் ஆற்றைக் கடந்து கிளஸ்டர் பக்கம் தப்பப் பார்த்தார். முதல் தொகுதி போனபின் புயல்காற்று படகுகளைச் சிதறடித்தது. 19ஆம் தேதி 7,000க்கும் மேற்பட்டோர் கொடியைச் சுருட்டிக்கொண்டு சரணடைந்தார்கள், கிளின்டன் விதித்த அதே நிபந்தனை. உடல்நலமில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை. அவருக்குப் பதில் வந்த ஓஹாராவை வாஷிங்டன், சார்ல்ஸ்டனில் சரணடைந்த அதே லிங்கனிடம் அனுப்பினார். போர் அதோடு எல்லா இடத்திலும் நிற்கவில்லை. நம்ம கடலூரில் 1783 ஜூன் மாதம்கூடப் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தார்கள். சமாதானச் செய்தி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊரை ஒட்டி உயரமாக நிற்கும் மண்மேடுகள் 1862 உள்நாட்டுப் போரில் பழைய பிரிட்டிஷ் அரண்மேல் உயர்த்திக் கட்டியவை. முற்றுகை அகழிகளை வாஷிங்டனே மூடச் சொல்லிவிட்டார், பிரிட்டிஷார் மறுபடி வந்தால் உதவக்கூடாதென்று. இப்போதிருப்பவை ஆராய்ந்து திரும்பக் கட்டியவை. பத்தாம் காவலரணின் பெரும்பகுதி கரை அரித்து யார்க் ஆற்றுக்குள் போய்விட்டது, எனவே அதன் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்பதாவதைப் பாருங்கள், அது முழுசாக இருக்கிறது.